திருமண வீட்டில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

பாஸ்காத் திருநாள் கழிந்ததும் நம் பங்குக் கோயில்களில் திருமண ஓலை வாசிப்பு தொடங்கிவிடும். தவக்காலம் முழுவதும் காத்திருந்த மணவீடுகள் சித்திரை வைகாசி மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தற்கால் நடும். அவ்விரு மாதங்களில் வேலூர் வட்டாரத்து வெயிலின் தன்மையை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பூசை முடிந்து மணமக்கள் வெளியே வருவதற்குள் விருந்தினரின் நாவு உலர்ந்துவிடுகிறது. ஆனாலும் நம் மக்கள் பிரியாணிக்குப் போடும் கணக்கில் பத்தில் ஒரு பங்கேனும் தாகத்திற்குப் போடுவதில்லை. இத்திங்கள் அந்தக் கணக்கைப் பற்றியே எழுத எண்ணினோம்.

கணியம்பாடியில் நமக்கு அறிமுகமான குடும்பத் தலைவர் ஒருவர், தம் இளைய மகளின் திருமணச் செலவுகளை எழுதிய நோட்டுப் புத்தகத்துடன் நம்மைக் காண வந்தார். அரிசி, ஆட்டிறைச்சி, பந்தல், மேளம், பூ என்று ஒவ்வொன்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் 'இதர' என்று குறித்து, அதற்கெதிரே ஒரு பெருந்தொகை காணப்பட்டது. அது யாது என வினவினோம். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்களுக்கு மண்டபத்தின் பின்னறையில் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமாம், ஐயா. செய்யாவிட்டால் நமக்கு மரியாதைக் குறைவு என்று என் மைத்துனர் சொல்கிறார்."

அந்தப் பின்னறையை நாமும் அறிவோம். ஆறாண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகளின் திருமணத்தில் நாம் பந்தியில் அமர்ந்திருந்தோம். பின்னறையிலிருந்து வந்த இருவர் இலை போட்ட இடத்தைப் பற்றி வாய்ச்சண்டை தொடங்க, அது கைகலப்பாக முடிந்தது. சாம்பார் வாளி மணப்பெண்ணின் சேலையருகே கவிழ்ந்தது. அன்று மனம் முறிந்த சம்பந்தி வீட்டார் ஓராண்டுக்கு மேல் இவ்வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. முதற் பேரனின் ஞானஸ்நானத்தன்றும் மாமியாரின் நாற்காலி வெறுமையாகவே இருந்தது. இத்தனைக்கும் அன்று அடித்துக்கொண்டவர்கள் இரு வீட்டுக்கும் நெருங்கிய உறவினர்கூட அல்லர்.

இம்முறை முட்டுக்கட்டை போட்டவள் மணப்பெண்ணே. காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துத் தன் நகைக்குத் தானே பணம் சேர்த்த பெண் அவள். "நைனா, அக்கா கல்யாணத்தில் அழுதது போதும். அந்த 'இதர' எனக்கு வேண்டாம்" என்றாள். தாய்மாமனோ வேதத்தையே துணைக்கு அழைத்தார்: "கானாவூர் கல்யாணத்தில் ஆண்டவரே திராட்சை இரசம் கொடுக்கவில்லையா, அம்மா?"

இக்கேள்வி நம்மிடமும் வந்தது. திருச்சபை திராட்சை இரசத்தைத் தீண்டத்தகாத பொருள் என்று ஒருநாளும் கூறியதில்லை. பலிபீடத்திலேயே அதனை வைத்திருக்கிறது. ஆயினும் அருளப்பர் எழுதியதைப் பொறுமையாக வாசித்தால், அங்கே முதலில் தென்படுவது ஒரு வீட்டாரின் இக்கட்டு. பானம் போதாமற்போகிறது, வீட்டார் தலைகுனியப் போகிறார்கள், அதனை முன்னரே கண்டுகொண்டவர் தேவதாயார். விருந்தினரின் தாகத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது எப்படி என்றே நாம் அம்மாமனுடன் பேசினோம். அவர் முழுவதும் இசைந்தார் என்று சொல்வதற்கில்லை. "சரி, வேறு என்னதான் கொடுப்பீர்கள்? ரஸ்னாவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலும் நியாயம் உண்டு. பின்னறையை மூடிவிட்டு, வாசலில் சாயம் கலந்த சர்க்கரைத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் யார் மதிப்பார்? கொடுப்பது சிறப்பாக இருக்க வேண்டும். பலவகையாக இருக்க வேண்டும். முன்வாசலில், எல்லாரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த நாட்டில் இதற்குப் புதுப்பெயர் தேடவேண்டிய அவசியமும் இல்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் மாநிலத்தில் மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவி, 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்குச் சென்றது. 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்தவுடன் மண்டபங்களை அவ்விதியிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே பின்னறை ஏற்பாடு மானக்கேடு மட்டுமன்று, குற்றமும் ஆகும். கிறிஸ்மசுக்கு வீட்டில் திராட்சையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைக்கும் வழக்கமுடையோரும் இதனை நினைவிற்கொள்வது நலம். உரிமமின்றி மது வடிப்பது நம் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமே. ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் செய்யும் 'இஞ்சி ஒயின்' வேறு. இஞ்சி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, கருக்கிய சர்க்கரை இவற்றைக் கொதிக்கவைத்து எலுமிச்சை சேர்ப்பது அது. பெயரில் மட்டுமே ஒயின். தொண்டையில் இறங்கும்போது அது தரும் காரத்தை இளைஞர்கள் விரும்புவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இனி வேலைக்கு வருவோம். முதலாவது தண்ணீர். பாலாற்றங்கரை மக்களுக்கு இதன் வேதனை தெரியும். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் உப்பும் குரோமியமும் நிலத்தடியில் இறங்கியதால் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் எத்தனையோ கிணறுகள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இது குறித்தே. கணியம்பாடி பாலாற்றை விட்டுத் தெற்கே தள்ளி, ஜவ்வாது மலையில் பிறக்கும் நாகநதியின் பக்கம் இருக்கிறது. ஆயினும் கிணற்றுக்குக் கிணறு சுவை மாறுபடும். கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். கொதி நீரில் கிருமி சாகும். உப்புச் சாகாது, நீர் சுண்டச் சுண்ட உப்பு கூடும். உவர்நீரில் கரைத்த சர்பத் எத்தனை சர்க்கரை போட்டாலும் நாவில் நில்லாது. அக்குடும்பத்தார் நான்கு வீட்டுக் குடிநீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார்த்து, இறுதியில் பானங்களுக்கு மட்டும் சுத்திகரித்த நீர்க் கேன்களை வாங்குவதென முடிவு செய்தனர்.

இரண்டாவது பனிக்கட்டி. மீன் பெட்டிக்கு வரும் கட்டியைச் சாக்கில் வைத்து உடைத்துக் குடிபானத்தில் போடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கும் கொடுமை. உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதித்தது. வெண்ணிறமாக இருப்பதெல்லாம் நல்லதென்று அதனால் பொருள் கொள்ளற்க. எந்த நீரில் உறைந்தது என்று கேட்டறிந்து வாங்குக. கடைக் கட்டியைப் பானையைச் சுற்றி வைக்கலாம். உள்ளே போடுவதற்கு, நல்ல நீரை எவர்சில்வர் டப்பாக்களில் உறையவைத்து உறவினர் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளில் முதல்நாளே சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

பந்தல் கட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகவில்லை. நான்கு சவுக்குக் கழிகள், மேலே தென்னங்கீற்று, முன்பக்கம் மாவிலைத் தோரணம். இரண்டு நீள் பெஞ்சுகளைச் செங்கல் வைத்து இடுப்பளவு உயர்த்தி, மேலே ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு, வெள்ளை வேட்டி விரித்தனர். பின்னால் ஒரு சாண் உயரத்திற்கு ஆற்றுமணல் பரப்பி நனைத்து, குழாய் வைத்த மண்பானைகளை அதன்மேல் அமர்த்தி, ஈரச்சாக்கு சுற்றினர். பானையின் மேல் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். காற்றோட்டமான நிழலில்தான் இது நன்கு நடக்கும் என்பதால், பந்தலை வேப்பமரத்தின் கீழ், மண்டபத்தில் நுழைவோர் கடந்தே தீரவேண்டிய இடத்தில் அமைத்தனர். மோரும் எலுமிச்சையும் புளிப்புடையவை. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் அவற்றை ஊற்றி வைக்கலாகாது. குடிப்பதற்கு எவர்சில்வர் தம்ளர்களை வாடகைக்கு எடுத்தனர். 2019 சனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்கும் தடை இருக்கிறதே! கழுவுவதற்கென்றே இருவரை நியமித்தது நல்ல முன்யோசனை.

அளவு பார்த்தோம். நானூறு விருந்தினர், ஆளுக்கு 150 மில்லி வீதம் மூன்று தம்ளர், ஆக 180 லிட்டர் பானம். வெறுந்தண்ணீர் தனியாக 200 லிட்டர். மலைப்பாகத் தோன்றிற்று. கானாவூரில் ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அளவை கொண்டவை. அக்கால அளவை ஏறத்தாழ 40 லிட்டர் என்பர். கூட்டினால் 480 முதல் 720 லிட்டர் வரை வருகிறது. இதைச் சொன்னபோது தாய்மாமன் வாய்விட்டு நகைத்தார். அன்றுமுதல் அவரே பந்தற் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

ஓலை வாசிப்பு மூன்று ஞாயிறுகளும் அவர்களுக்கு நாட்காட்டியாயின. முதல் ஓலை வாசித்த வாரம் நன்னாரிப் பாகு. அரைக் கிலோ வேரை மண் போகக் கழுவி, தட்டி, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, நான்கு லிட்டர் கொதிநீரில் இரவு முழுதும் ஊறவைத்தனர். மறுநாள் வடிகட்டி, ஆறு கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்ச, ஏழு லிட்டரளவு பாகு கிடைத்தது. கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தனர். ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு நீர், சிறிது எலுமிச்சை. நாற்பது லிட்டர் சர்பத். இரண்டாம் ஓலை வாரம் இஞ்சிப் பாகு. மூன்றாம் வாரம் வெல்லமும் சுக்கும் ஏலமும் வாங்கினர். பளபளக்கும் மஞ்சள் வெல்லத்தை ஒதுக்கிவிட்டுக் கருநிற வெல்லத்தைப் பாட்டியார் தேர்ந்தெடுத்தார்.

பானகம் நாற்பது லிட்டருக்கு ஆறு கிலோ வெல்லம், ஐம்பது எலுமிச்சை, நூறு கிராம் சுக்கு, நாற்பது கிராம் ஏலக்காய், ஒரு கை உப்பு. கரைத்த வெல்லத்தை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் கடைசித் தம்ளரில் மணல் வரும். மோருக்குப் பத்து லிட்டர் தயிரும் நாற்பது லிட்டர் நீரும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டியது. பிரியாணி உண்டவர் தேடுவது மோரைத்தான். அதிலும் ஆம்பூர்ச் சம்பந்திகள் வருகையில் மோரைக் குறைக்கவே கூடாது. மீதி ஐம்பது லிட்டரை இஞ்சி எலுமிச்சையும், மாங்காயை வேகவைத்துக் கரைத்த சாறும் நிரப்பின. எலுமிச்சையை முதல்நாளே பிழிந்து வைத்தால் கசக்கும். தோலை முரட்டுத்தனமாய் நசுக்கினாலும் கசக்கும். பாகைத் தவிர எதையும் விடியற்காலைக்கு முன் நீரில் கலக்கலாகாது. வெல்லநீர் சித்திரை வெயிலில் மறுநாளே புளித்து நுரைத்துவிடும்.

பதநீர் வைக்கலாமா என்றும் யோசித்தனர். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அது புளிக்காமல் காப்பது; சுண்ணாம்பு குறைந்தாலோ நேரம் கடந்தாலோ அது கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. நம்பகமான பனையேறி அருகில் இல்லாமையால் அதை விட்டுவிட்டனர், சரியான முடிவே. அதற்குப் பதிலாகச் சிறுவர்களுக்கென இரண்டு பெட்டி கோலி சோடா வந்தது. 1872-இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்ற அந்தப் புட்டியின் கோலி 'டப்' என்று உள்ளே விழும் ஓசைக்குக் கிழவர்களும் வரிசையில் நின்றதை அன்று கண்டோம்.

நீரிழிவு உடையவர்கள் எந்தப் பந்தியிலும் உண்டு. அவர்கள் கூசாமல் கேட்கும்படி இனிப்பில்லாத மோரும் சீரகத் தண்ணீரும் ஒரு கோடியில் தனியே, பெயர் எழுதிய அட்டையுடன் வைக்கப்பட்டன. பாலில் செய்யும் ரோஸ் மில்க்கை அவ்வெயிலில் வேண்டாம் என்று நாமே தடுத்தோம்.

திருமண நாளன்று நண்பகலுக்குள் நன்னாரி தீர்ந்துவிட்டது. அதை இன்னும் இருபது லிட்டர் கூட்டியிருக்க வேண்டும். மாங்காய்ச் சாறு மிஞ்சியது. மாப்பிள்ளையின் தோழர்களில் நால்வர் சாலைப் பக்கம் சென்று வெகுநேரம் கழித்தே திரும்பினர். எங்கே சென்றனர் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சத்தமின்றி உண்டு எழுந்தனர். ஏனையோர் இஞ்சி ஒயினைச் சுற்றியே நின்று, தாய்மாமனைக் கேலி செய்துகொண்டிருந்தனர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாய் வியர்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் பின்னறையில் வாழைத்தார்களை அடுக்கிப் பூட்டியிருந்தனர்.

மாலையில் தந்தையார் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். 'இதர' என்னும் சொல்லை அடித்துவிட்டுத் 'தண்ணீர்ப் பந்தல்' என்று எழுதியிருந்தார். தொகை முன்னையதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. நாம் விடைபெறும் வேளையில் மூத்த மகளின் மாமியார் பந்தலுக்கு வந்தார். இரண்டாவது தம்ளர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "சம்பந்தியம்மா, அந்த நன்னாரிப் பாகு ஒரு புட்டி மிச்சமிருக்குமா? பேரனுக்குக் கொண்டுபோகிறேன்" என்று கேட்டார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மனமில்லாமல், மணப்பெண்ணின் தாயார் வேரை எங்கே வாங்குவது, எவ்வளவு ஊறவைப்பது என்று அவரைப் பக்கத்தில் அமர்த்திச் சொல்லத் தொடங்கினார்.