எதிரி எப்படி வெளியே வந்தார்?

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 281ஆம் பிரிவைத் தமிழாக்கும் எவரும் ஒரே வாக்கியத்தில் மூன்று முறை இடறுவார்கள். புகாரின் பேரில் அல்லாமல் வந்த அழைப்பாணை வழக்கில் நடுவர் நடவடிக்கையை நிறுத்தலாம். முக்கியச் சாட்சிகளின் சாட்சியம் பதிவான பிறகு நிறுத்தினால் ‘அக்விட்டல்’ தீர்ப்பு. மற்ற நிலைகளில் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, ‘ரிலீஸ்’ செய்ய வேண்டும். அந்த ‘ரிலீஸ்’ ‘டிஸ்சார்ஜ்’ ஆனதற்குரிய விளைவைத் தரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 258ஆம் பிரிவுதான் இது. நம் வரைவுகளிலோ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்: விடுதலை. அப்படி எழுதினால் அந்தப் பிரிவில் பொருளே மிஞ்சாது.

ஆங்கிலத்தில் ‘ரிலீஸ்’ அகன்ற வினை. சிறைக் கதவு, பிணை, ஏரி நீர், திரைப்படம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். சட்டம் அதனாலேயே ‘அக்விட்’, ‘டிஸ்சார்ஜ்’ என்ற குறுகிய சொற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. தமிழுக்கும் இதில் பஞ்சமில்லை. உத்திரமேரூரில் மதகைத் திறந்து விடுகிறார்கள். சார்பதிவகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள். நீதிமன்ற வாசலில் “ஜாமீன்ல வந்துட்டான்”, “கேஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க”, “கேஸ் நிக்கல” என்று மூன்று நிலைகளையும் தனித்தனியாகவே சொல்கிறார்கள். கலப்பது நாம் எழுதும் தாள்தான்.

கலப்பதன் விலை சிறியதல்ல. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை வெளியே விட்டது. 1999இல் உறுதியான குற்றத்தீர்ப்பை அது தொடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 11இல் அதே வழக்கின் மற்ற ஆறு பேரும் வெளிவந்தனர். அவர்களில் இலங்கையர் நால்வரும் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நால்வரில் ஒருவரான சாந்தன் ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். இவர்கள் வெளிவந்ததற்கும் விடுதலை என்றே எழுதினோம்.

2024 ஆகஸ்ட் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அமைச்சர்கள் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு இருவரையும் சொத்துக்குவிப்பு வழக்குகளிலிருந்து விடுவித்த திருவில்லிபுத்தூர் நீதிமன்ற உத்தரவுகளை ரத்து செய்தது. அங்கே நடந்தது விடுவிப்பு; குற்றச்சாட்டு வனைவதற்கு முந்தைய நிலை. ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரணை கூடாது என்னும் 337ஆம் பிரிவின் விளக்கமே, விடுவிப்பு விடுதலை ஆகாது என்று சொல்கிறது. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்ப வரலாம்.

அமைச்சர்களுக்கு வித்தியாசத்தை எடுத்துச்சொல்ல மூத்த வழக்கறிஞர்கள் உண்டு. கிராமத்துப் பையனுக்கு யார்? மடைத் தண்ணீர் தகராறில் அடிதடி வழக்கு. பிறகு இரு வீடும் சமாதானமாகி, புகார்தாரரே பிறழ்சாட்சி ஆகிறார். சான்றிட்ட நகலில் ‘விடுதலை’ என்றிருக்கிறது. வீட்டில் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு எழுதி, ஓடி, கயிறேறித் தேறுகிறான். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(ஆ)வின் விளக்கமோ, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் விடுவிக்கப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கிறது. 2008இல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. வழக்குதான் முடிந்துவிட்டதே என்று விண்ணப்பத்தில் ‘இல்லை’ என எழுதிவிட்டால் மறைத்த பழியும் சேர்கிறது. மறைப்பை எப்படி எடைபோடுவது என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. அந்த வழியில் நடக்கப் பையனுக்குச் சென்னைக்கு ரிட் மனுச் செலவு வேண்டும்.

கறை நீங்கியவரையும் ஒதுக்கிவைப்பது உத்திரமேரூருக்குப் பழைய வழக்கம்தான். பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய விதி, பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மையானவர் பெயரையும் ஆயுள் முழுக்கத் தேர்தலுக்கான குடவோலையில் எழுதக் கூடாது என்றது. ஆனால் சோழர் கால ஊர்ச் சபை அதைக் கல்லில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைத்தது. இன்றைய விளக்கம் பணிவிதிகளின் உள்ளே கிடக்கிறது. பையன் அதைப் பார்ப்பது நிராகரிப்பு ஆணையில்தான்.

சட்டம் மக்களுக்குப் புரியும் தமிழில் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்றே இவ்விதழ் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென 2006 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2012இல் உச்ச நீதிமன்ற முழு அமர்வுக் கூட்டம் ஏற்கவில்லை. பிறகு உச்ச நீதிமன்றம் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைத் தந்தது. அதில் வரும் தமிழ்த் தீர்ப்பின் அடியில், ஆங்கிலமே செல்லும் என்ற எச்சரிக்கை. சட்டத்தின் பெயரே தமிழ் எழுத்தில் இந்தி ஒலியாக வருகிறது. செல்லாத தாளில் எந்தச் சொல் இருந்தால் என்ன என்று மேலே இருப்பவர்கள் நினைக்கலாம். சான்றிட்ட நகலை மஞ்சள் பையில் மடித்து வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தாள்தான் சட்டம்.

ஆகவே வரும் இதழிலிருந்து இங்கே அச்சாகும் மொழிபெயர்ப்புகளில் ‘அக்விட்டல்’ மட்டுமே விடுதலை. ‘டிஸ்சார்ஜ்’ விடுவிப்பு. பிணையில் வருவது பிணையில் விடுதல். தண்டனைக் கழிவால் வருவது முன்கூட்டி வெளிவிடுதல். 281இன் ‘ரிலீஸ்’ வெறும் ‘விடுதல்’. அடுத்த சொல்லே அதன் விளைவைச் சொல்லிவிடுகிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் தட்டச்சர்களும் இன்னொன்றையும் செய்ய வேண்டும்: விடுதலை என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, எந்தப் பிரிவில், சந்தேகத்தின் பலனா அல்லவா என்பதைத் தீர்ப்பில் உள்ளபடி ஒரே வரியில் எழுதுங்கள். நகல் வாங்க வருபவரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுங்கள்.