சேங்கொட்டை மரத்தின் இனங்களும் நம் சங்கங்களின் கடமையும்

நூல் விலையும் சாயத்தின் தரமும் விதையும் உரமுமே கூட்டுறவாளர் வழக்கமாகப் பேசும் பொருள்கள். இம்முறை ஒரு காட்டு மரத்தைப் பற்றியும், அதன் இனத்தைப் பற்றியும் நாம் எழுத முன்வந்திருக்கிறோம். நெசவாளருக்கும் உழவருக்கும் இதில் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. வடசென்னையில் உள்ள வண்ணாரப்பேட்டை என்னும் பெயரிலேயே அது அடங்கியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் துணி வாணிபம் நடத்திய காலத்தில், தறியிலிருந்து இறங்கிய கோராத் துணி அப்படியே கப்பல் ஏறியதில்லை. அதை வெளுத்து, வெண்மையாக்கி, மடித்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர் குடியிருந்த பகுதியே வண்ணாரப்பேட்டை. அதற்கு வடக்கே திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர். காலட்டின் பெயரே மருவி அவ்வூருக்குப் பெயராயிற்று. ஒரே கடற்கரையில் நெய்தவர் ஓரிடத்திலும் வெளுத்தவர் ஓரிடத்திலும் வாழ்ந்தனர். இன்றும் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள் அந்தப் பழைய வாணிபத்தை நினைவூட்டி நிற்கின்றன.

சலவைத் தொழிலாளர் கையில் சோப்பும் கஞ்சியும் மட்டும் இருந்ததில்லை, சேங்கொட்டையும் இருந்தது. பல வீட்டுத் துணிகள் ஒரே துறையில், ஒரே வெள்ளாவியில் சேரும்போது, எது யாருடையது என்று பிரித்தறிய வேண்டுமல்லவா? ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, மற்றொரு வீட்டுக்கு ஒரு கோடும் புள்ளியும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, ஊறும் பாலைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் குறியிட்டுச் சுண்ணாம்பு தடவுவர். குறி கறுத்து நிலைத்துவிடும். துணி கிழியும் வரை எத்தனை வெளுப்பு கண்டாலும் அது போவதில்லை. எழுத்தறியாதவர் என்று மற்றவர் எண்ணிய ஒரு சமூகத்தார், ஓர் ஊரின் துணிகளையெல்லாம் தவறாமல் வகை பிரித்து வீடு சேர்த்தனர் என்றால், அது சிறிய அறிவன்று.

தாவர நூலார் செய்யும் வேலையும் அடிப்படையில் இதுவே. ஆயிரக்கணக்கான மரங்கள் கலந்து கிடக்கும் காட்டில், எது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எது எதற்கு உறவு என்று குறி கண்டு பிரிப்பதே வகைப்பாடு. நெருங்கிய உறவுடையவற்றைப் பேரினம் என்றும், அதற்குள் தனித்தனியாக நிற்பவற்றைச் சிற்றினம் என்றும் அவர்கள் வழங்குவர். சேங்கொட்டை மரத்தின் பேரினத்துக்குச் செமிகார்ப்பஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்குக் ‘குறியிடும் கனி’ என்று பொருள். நம் சலவைத் தொழிலாளரின் செயலே ஒரு பேரினத்துக்கு உலகப் பெயராக அமைந்தது பெருமைக்குரிய செய்தி.

இப்பெயர் வந்த வரலாறு சுவையானது. சேங்கொட்டை இதய வடிவம் உடையது. ஆகவே பழைய ஐரோப்பிய மருந்து வாணிபர் அதனை ‘அனகார்டியம்’ என்று அழைத்தனர். பின்னர் பிரேசில் நாட்டு முந்திரியைப் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். 1753-இல் தாவரங்களுக்கு முறையான பெயர்கள் சூட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், அனகார்டியம் என்ற பெயரை முந்திரிக்குக் கொடுத்துவிட்டார். பெயரை இழந்து நின்ற நம் நாட்டு மரத்துக்கு அவருடைய மகன் 1782-இல் செமிகார்ப்பஸ் என்று புதுப் பெயரிட்டு, பழைய பெயரையும் விடாமல் சிற்றினப் பெயராகச் சேர்த்தார். இன்றும் அது செமிகார்ப்பஸ் அனகார்டியம் என்றே வழங்குகிறது.

கல்வி அறிஞர் மட்டுமே இவ்வுறவைக் கண்டனர் என்று எண்ணிவிடலாகாது. தெலுங்கு நாட்டார் சேங்கொட்டையை ஜீடி என்பர்; வெளிநாட்டு முந்திரி வந்து சேர்ந்ததும் அதனை ஜீடிமாமிடி என்றனர். கன்னட நாட்டாரும் ‘கேரு’ என்ற ஒரு சொல்லையே இரண்டுக்கும் வழங்குகின்றனர். இரண்டிலும் கொட்டை வெளியே நிற்கிறது. அதைத் தாங்கும் காம்பு பருத்துப் பழம்போல் ஆகிறது. கொட்டையின் தோட்டில் கையைச் சுடும் எண்ணெய் இருக்கிறது. இக்குறிகளை உழவரின் கண் நூலாசிரியர் துணையின்றியே கண்டுகொண்டது. மாவும் முந்திரியும் ஒதியமும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு அந்த உறவைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியர் மரப்பொருள்களுக்கு மெருகேற்றப் பயன்படுத்தும் அரக்குப் பால் தரும் மரமும் இக்குடும்பத்ததே.

செமிகார்ப்பஸ் பேரினத்தில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன? எழுபது என்பாரும் உண்டு. தொண்ணூறு என்பாரும் உண்டு. இந்தியா, இலங்கை முதல் மலேயா, பிலிப்பைன்ஸ், நியூகினி, ஆஸ்திரேலியா, பீஜித் தீவுகள் வரை இவை பரவியுள்ளன. கணக்கு வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. இவற்றில் ஆண் பூ ஒரு மரத்திலும் காய்க்கும் பூ வேறொரு மரத்திலும் இருப்பது வழக்கம். ஒருவர் இலையும் ஆண் பூவும் கொண்டுவருகிறார். மற்றொருவர் காய் மட்டும் கொண்டுவருகிறார். இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா என்று தீர்ப்பது எளிதன்று. பூவும் காயும் இலையும் சேர்ந்து கிடைத்தால்தான் இனம் தெளிவாகும்.

நம்மைச் சுற்றியுள்ளவற்றைப் பார்ப்போம். நாம் சேங்கொட்டை, சேராங்கொட்டை என்று சொல்வது இலையுதிர் காடுகளில் வளரும் மரம். இமயத்தின் அடிவாரம் முதல் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் வரை காணப்படுவது. கிளை நுனியில் கூடி நிற்கும் அகன்ற பெரிய இலைகளும், கறுத்த கொட்டையைத் தாங்கும் செம்மஞ்சள் நிறக் காம்பும் அதன் அடையாளம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக் காடுகளில், இலையடியில் காது போன்ற மடல் உடைய ஆரிகுலேட்டா என்ற இனமும், திருவிதாங்கூரின் பெயரைத் தாங்கிய மற்றோர் இனமும் வளர்கின்றன. அந்தமானுக்கு வேறோர் இனம் உண்டு. சிறிய தீவாகிய இலங்கையிலோ பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

எல்லாவற்றிலும் நம் கவனத்துக்குரியது வட கன்னட மாவட்டத்துக் கத்தலேக்கான் காட்டிலுள்ள இனம். கத்தலேக்கான் என்றால் இருட்காடு. அங்குள்ள சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பெரிய மரம் 2000-ஆம் ஆண்டில்தான் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை என்பதும் அப்போதே தெரியவந்தது. சதுப்பு நிலங்களைப் பாக்குத் தோட்டமாகவும் வயலாகவும் திருத்தியபோது எத்தனை மரங்கள் வீழ்ந்தனவோ, யார் அறிவார்? பெயர் இல்லாத பொருளுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாத பொருளுக்குக் காவலும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைப் பார்த்தறிந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று.

‘எல்லாம் சேங்கொட்டைதானே, இனம் பிரித்து என்ன லாபம்?’ என்று ஒரு சாரார் கேட்பர். அவர்களுக்கு நமது விடை இது. மலையாள நாட்டில் ‘சேரு’ என்ற ஒரு சொல் செமிகார்ப்பஸ் மரத்துக்கும், அதன் உறவாகிய ஹோலிகார்னா மரத்துக்கும் பொதுவாக வழங்குகிறது. பின்னதில் இலைக்காம்பில் சிறு முள் போன்ற உறுப்புகள் உண்டு. காய் பருத்த காம்பின்மேல் நிற்பதற்கு மாறாகப் பூத்தளத்தில் புதைந்திருக்கும். இரண்டும் மேனியைப் புண்ணாக்கும் பால் உடையவை. ஆயினும் ஒன்று மற்றொன்று ஆகாது. சேங்கொட்டை, சரகர், சுசுருதர் காலம் முதல் ‘பல்லாதகம்’ என்று மருந்தில் சேர்ந்தது. சித்த மருத்துவரும் அதைச் சுத்தி செய்து கையாளுகின்றனர். அரசாங்கத்தின் மருந்துச் சட்ட விதிகளில் நச்சுப் பொருள்களின் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கிறது. நச்சையே மருந்தாக்கும் இடத்தில் ஓர் இனத்துக்கு மாறாக வேறோர் இனம் கலந்துவிட்டால், அதன் விளைவை நோயாளியன்றோ அனுபவிக்க வேண்டும்?

இனி, இதில் உழைப்போரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டில் கொட்டையைப் பொறுக்குவோர் மலைவாழ் மக்கள். அதன் பால் பட்ட இடம் கொப்பளித்துக் கறுக்கும். சிலருக்கு முகமே வீங்கிவிடும். குறியிட்ட துணியை உடுத்தியவருக்கும் சில சமயம் தீங்கு நேர்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கிய அமெரிக்கப் படைவீரர் சிலருக்குச் சட்டைக் குறி பட்ட இடத்தில் புண் உண்டானதை அவர்களுடைய மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினர். உடுத்தியவரின் புண் மருத்துவ நூலில் ஏறியது; நாள்தோறும் கொட்டையைக் கையாண்ட தொழிலாளரின் புண்ணை யார் எழுதினார்கள்?

இன்று சலவைக் குறிக்கு அழியாத மைப் பேனா வந்துவிட்டது. அதை நாம் குறை கூறவில்லை. கை வேகாமல் வேலை நடப்பது நல்லதே. ஆனால் பயன் குறைந்த மரத்தை வெட்டித் தள்ளுவது மனிதர் வழக்கம். நச்சு மரம் என்ற பெயரும் சேர்ந்துவிட்டால் கோடரிக்குக் கேட்பானேன்? ஓர் உபயோகம் போனதும் மரத்தையும் அதைப் பற்றிய அறிவையும் ஒருங்கே இழப்பது சிக்கனம் அன்று. முந்திரித் தோட்டின் எண்ணெயை ஒரு காலத்தில் வீண் என்று எறிந்தவர்கள், பின்னர் அதிலிருந்து வண்ணப்பூச்சும் பிசினும் செய்யக் கற்றனர். அதன் உறவினரிடம் இன்னும் என்ன இருக்கிறதென்று ஆராயுமுன் அவற்றை அழிப்பது முறையாகாது.

ஆகவே நமது யோசனைகள் இவை. முதலாவது, சேங்கொட்டை எடுக்கும் மலைப்பகுதிகளில் ‘லேம்ப்’ எனப்படும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அதை நேராகக் கொள்முதல் செய்ய வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள்களின் உரிமையைக் காட்டில் வாழ்வோருக்கு வழங்கியிருக்கிறது; அந்த உரிமை இடைத்தரகரின் தராசில் கரைந்துவிடக் கூடாது. இரண்டாவது, பொறுக்குவோருக்கு எண்ணெயும் கையுறையும் சங்கத்தின் செலவிலேயே தரப்பட வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு மூட்டையிலும் இனத்தின் பெயரும் எடுத்த காட்டின் பெயரும் எழுதப்பட வேண்டும். ஐயம் உண்டானால் பூவும் காயும் இலையும் சேர்ந்த கிளையைத் தாவரவியல் கற்பிக்கும் அருகிலுள்ள கல்லூரிக்கு அனுப்பிக் கேட்கலாம். நான்காவது, மலையோரம் நிலமுள்ள அங்கத்தினர் வரப்பில் தானாக முளைத்த சேங்கொட்டையை வெட்டாமல், குழந்தைகள் நெருங்காதபடி எல்லை மரமாக விட்டுவைக்கலாம். இதில் பெரும்பணம் வரும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஆனால் செலவும் பெரிதன்று.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் மோசடியைத் தடுக்கவே 2006-இல் கைத்தறி முத்திரை கொண்டுவரப்பட்டது. நம் துணிக்கு உண்மையான குறி வேண்டும் என்று கேட்கும் நாம், பிறர் கொண்டுவரும் பொருளுக்கும் உண்மையான பெயர் வேண்டும் என்று கேட்பதே நியாயம். பிறர் துணியைத் தம் துணியோடு கலக்காமல், குறி பார்த்து உரியவரிடம் சேர்த்தது வண்ணாரப்பேட்டைத் தொழிலாளரின் நாணயம். அந்த நாணயம் நம் கொள்முதல் நிலையத்திலும் கிடங்கிலும் நிலைபெற வேண்டும். அடுத்த கொட்டைப் பருவம் தொடங்குமுன் சங்க நிர்வாகிகள் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து ஆலோசிப்பார்களாக.