வரப்பின் புஷ்பங்களும் வயலின் பக்ஷிகளும்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த காலையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவின் வரப்புகளில் ஒரு நாழிகை நடந்து பார்ப்பது மிராசுதார்களுக்கு வீண் பொழுதுபோக்கன்று. பயிர்ப் பரிசோதனையில் அதுவும் ஓர் அங்கமென்பது எமது அபிப்பிராயம்.

சம்பாப் பயிர் தூர் கட்டும் இத்தருணத்தில், கரிச்சான் மரக்கிளையினின்று பாய்ந்து அந்துப்பூச்சிகளைப் பிடிக்கின்றது. உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளிகளைப் பொறுக்குகின்றது. வடக்கினின்று வலசை வந்த வாலாட்டிக் குருவிக்கும் பூச்சிகளே ஆகாரம். இரவில் கூகை எலிகளை வேட்டையாடுகின்றது. வரப்பிலே பூத்த கரிசலாங்கண்ணி, மூக்குத்திப்பூ முதலியவற்றின் தேனையுண்டு ஜீவிக்கும் நுண்ணிய குளவிகளோ, குருத்துப்பூச்சியின் முட்டைகளுக்குள் தம் முட்டைகளையிட்டு அவற்றை அழிக்கின்றன.

இவ்வாறிருக்க, வரப்பு சுத்தமாயிருக்க வேண்டுமென்று களைக்கொல்லியைத் தெளித்து அனைத்தையும் கருகச் செய்வது, கூலி பெறாத காவலாளிகளைத் துரத்திவிட்டு மருந்துக்குப் பணம் செலவழிப்பதாகும்.

பக்ஷிகளெல்லாம் நன்மையே செய்யுமென்று நாம் வாதிக்கவில்லை. மயிலும் சில்லையும் கதிருக்குச் சேதம் விளைவிப்பது மெய்யே. பூண்டுகளிலும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு களைதல் வேண்டும். ஆயினும் சிலவற்றின் குற்றத்திற்காக அனைத்தையும் தண்டிப்பது விவேகமாகாது.

இத்தீவின் மேலூரில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற்கு நகரவாசிகள் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர். தும்பை பூத்த வரப்பில் அக்காட்சியின் ஒரு பகுதி இலவசமாகவே கிட்டும்.

ஆகவே, மிராசுதார்கள் பூ வரப்புகளைக் காப்பாற்றி, வயலில் பக்ஷிகள் அமரக் கவைக்குச்சிகள் நடுவார்களாக. கிராம அதிகாரிகள் வாய்க்கால் கரைப் புறம்போக்கு மரங்கள் வெட்டுப்படாவண்ணம் கண்காணிப்பார்களாக. மருந்து தெளிக்குமுன் ஒருமுறை வரப்பில் நடந்து பார்த்தல் அனைவர்க்கும் நலம்.