ஐந்து தேரும் நூறு ஐந்தும்

என் பேத்தி எல்கேஜி படிக்கிறாள். போன மாசியில் ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, திண்ணையில் நோட்டை விரித்துவைத்து அழுதுகொண்டிருந்தாள். 5 என்ற எண்ணை நூறு தடவை எழுதிவர வேண்டுமாம். முப்பதைத் தாண்டியதும் ஐந்தெல்லாம் திரும்பி நின்றுகொண்டன. வலப்பக்கம் இருக்க வேண்டிய தொப்பை இடப்பக்கம் போய்விட்டது. நாலு வயதுப் பிள்ளைகள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுவது சகஜம்தான். முந்தின நாள் பக்கத்தில் அதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

விருத்தாசலத்துப் பிள்ளைக்கு ஐந்தைச் சொல்லித்தர நோட்டா வேண்டும்? பெரிய கோயிலில் கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து. மாசி மகத்துக்கு ஓடும் தேரும் ஐந்து. விரல் பிடித்துக் கூட்டிப்போய் எண்ணவிட்டால் முடிந்தது வேலை.

நான் பீங்கான் தொழிற்பேட்டையில் 31 வருடமாக அச்சு ஊற்றுகிறவன். படித்தது எட்டாம் வகுப்பு. கல்வியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், மண்ணைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு.

மறுநாள் பானை செய்கிறவரிடம் ஒரு வாளிக் களிமண் வாங்கிவந்து திண்ணையில் கொட்டினேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். தேர் செய்யலாமா என்றேன். முதலில் ஆளுக்கொரு தேர் செய்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. ஒருத்தன் செய்த சக்கரம் இட்லி அளவு, இன்னொருத்தி செய்தது பொட்டு அளவு. சண்டை, அழுகை. நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று பேரப்பிள்ளை உள்ளவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். உருட்டத் தெரிந்த பையன் சக்கரம் மட்டும் செய்வது, பெரியவள் பீடம், இன்னொருத்தி கலசம். சின்னவனுக்கு ஒன்றும் வராததால் அவன் வடத்துக்குச் சணல் பிரித்தான். என் பேத்தி தேருக்கு நாலு சக்கரமாக எடுத்துவைத்துக்கொண்டே வந்து, ஐந்தாவது தேரில் நிமிர்ந்தாள். “தாத்தா, ஒண்ணு கொறையுது.”

நூறு ஐந்து எழுதியவளுக்கு வராத கணக்கு அது.

எங்கள் பட்டறையிலும் ஒரு பொம்மையை ஒரே ஆள் முடிப்பதில்லை. கூழாகக் கரைத்த மண்ணை நான் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவேன். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் தோலாகப் படியும். தோல் போதிய தடிமனானதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். அச்சைப் பிரித்து எடுத்ததை இன்னொருவர் கத்தியால் இணைப்புக் கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பார். சூளைக்கு ஓர் ஆள், வண்ணத்துக்கு ஓர் ஆள். ஊற்றியவன் அவசரப்பட்டால் வண்ணம் தீட்டுகிற அம்மா வரைக்கும் கஷ்டம். ஈரம் காயாததைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி உருப்படி வெடித்துவிடும். கைக்குழந்தையைப் பச்சை மண் என்று சொல்கிற ஊர்தானே நம்முடையது? அப்புறம் ஏன் நாலு வயதிலேயே சூளையில் வைக்கிறோம்?

‘எல்கேஜி’யில் உள்ள ‘கேஜி’ எங்கிருந்து வந்தது என்று ஓர் ஆசிரியை எனக்குச் சொன்னார். ஜெர்மனியில் 1837-இல் ஃப்ரோபெல் என்பவர் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கி, பிறகு அதற்குக் குழந்தைகள் தோட்டம் என்று பொருள்படும்படி ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பேர் வைத்தாராம். அங்கே பிள்ளைகள் கையில் இருந்தவை மரக்கட்டை, காகிதம், களிமண். நம்மிடம் வந்ததும் ‘கேஜி’ என்பது புத்தகப் பையின் எடையாகிவிட்டது.

மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் தொடர்பான வழக்கில், ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. ஒன்றாம் வகுப்புக்கே வேண்டாம் என்றால் எல்கேஜிக்கு எதற்கு? அங்கன்வாடிக்கு அரசு வகுத்த பாடத்திட்டத்தின் பேரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயல்பாடாக நடத்துகிறார்கள். காசு வாங்காத இடத்தில் விளையாட்டும் காசு கட்டுகிற இடத்தில் நூறு ஐந்துமா?

பள்ளிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பக்கம் நிறையாவிட்டால், “பீஸ் கட்டுறோமே, என்ன சொல்லித் தர்றீங்க?” என்று வாசலில் போய் நிற்பது நாம்தான். என் மகன் காலத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பீங்கான் ஊர்தானே என்று பட்டறை மண்ணைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. மெருகுக்குப் பூசும் கலவையில் ஈயமும் இருக்கலாம். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்குகிறோமே, அந்த ஈரக் களிமண் போதும். விளையாடி முடித்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிற ஊர் இது. பத்தாம் வகுப்பு முடித்து அங்கே சேருகிற பிள்ளைதான் முதன்முதலாக மண்ணைத் தொட வேண்டுமா? வாரத்துக்கு ஒரு மணி நேரம் நோட்டை மூடிவைக்கச் சம்மதிக்கிற பள்ளி எதுவானாலும் சொல்லி அனுப்புங்கள். மண்ணை என் சைக்கிளில் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறேன். கை கழுவ ஒரு வாளித் தண்ணீர் மட்டும் நீங்கள் வையுங்கள்.