சிவப்பு வெளுத்தால்...

பெரியகுளம் தென்கரையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். வீட்டில் எல்லோரையும் மூட்டு ஜுரம் படுக்கப் போட்டு எழுப்பியதாம். நாத்தனாருக்கு மட்டும் பத்து நாள் கழித்து இடது கண் மங்குகிறது. விழியைத் திருப்பினால் உள்ளே வலி. "அரக்குச் சேலையைக் காவி என்கிறாள். மாமியாரோ ஜுர அசதி என்று சொல்லி, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுகிறார். நான் வாயைத் திறக்கலாமா?" என்று கேட்கிறார்.

தாராளமாகத் திறக்கலாம்! கடிதத்தின் அடியில் எண் இருந்ததால் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். மற்றச் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

விழிக்குப் பின்னாலிருந்து மூளைக்குப் போகிறதே பார்வை நரம்பு, அது வீங்கினால் இப்படி ஆகும். வெளியே கண் பளிச்சென்றுதான் இருக்கும், அதனாலேயே ஏமாந்துபோகிறோம். பூவும் தாய்ப்பாலும் சொட்டு மருந்தும் அவ்வளவு தூரம் எட்டாது. முதலில் வெளுப்பது சிவப்பு நிறம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் குங்குமச் சிமிழைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

1964-ல் சென்னையை வாட்டிய சிக்குன்குனியா 2006-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தபோது, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் இப்படிப் பார்வை நரம்பு பாதித்த 14 பேரைக் கண்டு, 2007-ல் எழுதினார்கள். சிலருக்கு ஜுரத்தோடேயே வந்தது; சிலருக்கு ஜுரம் விட்ட பிறகு, கிருமியை எதிர்த்த உடம்பே தன் நரம்பைத் தாக்கியது போலும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மைக்குப் பிறகும் வருவதுண்டு. வேறு காரணங்களும் உண்டாகையால் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியே சில நாள் ஏற்றுவார்கள். அந்த மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அது பெரிய வம்பு. பலருக்குப் பார்வை வாரக்கணக்கில் மெல்லத் திரும்பும். எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

கொல்லைப்புறத்து டிரம்மை மூடியாயிற்றா என்றும் கேட்டேன். இந்தக் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. "மாமியாரே மூடிவிட்டார்" என்று சிரித்தார்.

நாத்தனாரைத் தேனிக்கு அழைத்துப்போய் மூன்று நாள் மருந்து ஏற்றியாகிவிட்டது. காவி இப்போது செங்கல் நிறமாகியிருக்கிறதாம்.