தேயிலை மலையில் சைக்கிள் பயணம்

விடுமுறை வந்தால் ஊருக்குப் போவது, குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவது, திரும்பும்போது ஒரு மூட்டை அரிசியும் ஊறுகாய் ஜாடியும் கொண்டு வருவது என்றிருந்த டில்லித் தமிழர் வீடுகளில் இப்போது ஒரு புதிய வழக்கம் தலைகாட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இந்தியா கேட் பக்கம் சைக்கிள் மிதித்துப் பழகிய இளைஞர்கள், விடுமுறைக்கு மலைநாட்டுச் சைக்கிள் பயணம் என்று கிளம்புகிறார்கள். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, மூட்டை முடிச்சுகளும் பழுது பார்க்கும் கருவிகளும் ஏற்றிய வேன் பின்னே வர, தேயிலைத் தோட்டங்களின் நடுவே நாளொன்றுக்கு 40, 50 கிலோமீட்டர் மிதிப்பது இதன் ஏற்பாடு. நீலகிரிக்கும் மூணாறுக்கும் போகிறார்கள். கடல் கடந்து இலங்கையின் கண்டி, நுவரெலியா, அப்புத்தளை, எல்ல வரையிலும் போகிறார்கள்.

இது வரவேற்கத்தக்கது. உடலுக்கு நல்லது, மலைக்கும் கெடுதல் இல்லை. உதகைக்கு வரும் மோட்டார் வண்டிகளின் நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை கொண்டுவர வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட மலைக்குப் புகை கக்காத வாகனத்தில் போகிறவர்களைக் கைகூப்பி வரவேற்க வேண்டியதுதான். 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' என்ற சைக்கிள் பயணம் இந்த ஆர்வத்தை வளர்த்ததில் பெரும் பங்கு வகித்தது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் கடந்தவர் என்றால் அந்த வட்டாரத்தில் தனி மதிப்பு உண்டு.

இலங்கையில் ஏற்றம் இன்னும் நீளம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை சாலை வழியே சுமார் 75 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏறவேண்டும். தேயிலை ஏற்றிச் சென்ற பழைய தோட்டப் பாதைகளைச் சேர்த்து, கண்டிப் பக்கம் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ டிரெயில்' என்ற 300 கிலோமீட்டர் பாதையை 22 பகுதிகளாக வகுத்திருக்கிறார்கள். அது முக்கியமாக நடப்பவர்களுக்கானது. சில பகுதிகளில் சைக்கிளும் ஓடும்.

காரில் போகிறவன் மலையைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கிறான். சைக்கிளில் ஏறுகிறவனோ மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றி நிற்கிறான். கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் அவனுக்குத் தெரிகிறது. அவள் முதுகுக் கூடையின் கனம் தெரிகிறது. அவள் பேசுவது தமிழ் என்பது காதில் விழுகிறது. அவள் யார், அங்கே எப்படி வந்தாள் என்ற கேள்வி அப்போது எழுந்தே தீரும். அதற்கு வழிகாட்டி என்ன பதில் சொல்கிறார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தாமஸ் லிப்டன் 1890-ல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை கட்டினார். அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த இடம் இன்று 'லிப்டன் சீட்'. எல்லாம் உண்மை. ஆனால் மலையைத் திருத்தியது டெய்லரின் கையுமல்ல, லிப்டனின் காலுமல்ல. காட்டை வெட்டி, கல்லைப் பெயர்த்து, சாலை போட்டு, செடி நட்டவர்கள் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, சேலம் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கங்காணியின் பின்னால் போன ஏழைகள். 1823-ல் காப்பித் தோட்டத்துக்கென்று முதல் கூட்டம் போயிற்று. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

அந்தப் பயணத்தின் 200-ஆவது ஆண்டை நினைவுகூர 2023 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மலையகத் தமிழர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் ஒருமுறை நடந்தார்கள். சைக்கிளில் மலையேறுகிற டில்லி இளைஞனுக்கு இதைச் சொல்லாத வழிகாட்டி, பாதையைக் காட்டினாரே தவிர நாட்டைக் காட்டவில்லை.

இதில் டில்லித் தமிழருக்குத் தனியானதொரு கடமையும் இருக்கிறது. 1948-ல் இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. அவர்களை என்ன செய்வது என்று இரு அரசுகளும் முடிவு செய்தது இந்தத் தலைநகரில்தான். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி புதுடில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். வீடு, தோட்டம், உற்றார் உறவினர் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, மனிதர்கள் கணக்குப் புத்தகத்தில் மறுபக்கம் எழுதப்பட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கை குடியுரிமை அளித்த சட்டம் 2003-ல்தான் வந்தது.

இந்தியா வந்தவர்கள் எங்கே போனார்கள்? தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, ரெயிலேறிப் பல திசைகளுக்குச் சிதறினார்கள். தெரிந்த தொழில் தேயிலை என்பதால் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968-ல் தமிழக அரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கி, 1976-ல் அதைத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, அதாவது டான்டீயாக ஆக்கியது. இன்று குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் சைக்கிள் மிதிப்பவன் வழியில் காணும் வரிசை வீடுகளில் பல, கண்டியிலும் அட்டனிலும் பிறந்தவர்களின் வீடுகள். 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவு செய்தபோது, வேலையும் வீடும் இரண்டாம் முறையாகப் பறிபோய்விடுமோ என்று அந்தக் குடும்பங்கள் பதறின. அந்தப் பதற்றத்தின் வேர் இந்த டில்லியில் இருக்கிறது.

சுற்றுலா போவது மனம் மகிழ்வதற்கு. அங்கே போய்ச் சோகக் கதை கேட்பானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் மறைப்பதனால் வரும் மகிழ்ச்சி நிலைக்காது. தஞ்சைக் கோயிலைப் பார்க்கிறவன் அதைக் கட்டியவர் பெயரைக் கேட்பதால் கோயிலின் அழகு குறைந்துவிடுமா? தேயிலை மலையும் கட்டப்பட்டதுதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஏழையின் துன்பத்தையும் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சியாக்கி விடுவீர்களா என்பது அது. அந்த அபாயம் இப்போதே இருக்கிறது. கேட்காமல் கொள்ளாமல் லயத்துக்குள் நுழைந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே ஒடுங்கியிருப்பதைப் படம் பிடிப்பவர்கள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அவளுக்கு நேரம் என்றால் கூலி. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து கொடுத்தால்தான் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். ஒரு படத்துக்காக அவள் இழக்கும் பத்து நிமிடத்தை யார் ஈடு செய்வது? இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை 1,000 ரூபாயாக்கவே ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-ல்தான் அது நடந்தது. 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அது அந்நாட்டு ரூபாய்க் கணக்கு; நம் ரூபாயில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மலைப்பாதையில் ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்கு விருந்தாளி செலுத்தும் கட்டணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செய்ய வேண்டியது என்னவென்று தானே விளங்கும்.

முதலாவதாக, வழிகாட்டி தோட்டத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும். லயத்தில் பிறந்து பள்ளிப் படிப்பை முடித்து, வேலை தேடிக் கொழும்புக்கும் திருப்பூருக்கும் ஓடும் இளைஞர்கள் இரு மலைகளிலும் நிறைய இருக்கிறார்கள். மலையின் ஒவ்வொரு குறுக்குப் பாதையும் அவர்களுக்குத் தெரியும். முதலுதவியும் சைக்கிள் பழுது பார்த்தலும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து உரிமம் வழங்கினால், பிழைப்பும் ஆகும். கதையும் அதற்கு உரியவர் வாயால் வரும். அப்போது அது காட்சிப் பொருளாகாது. சுற்றுலாத் துறைகள் இதற்கென்று தனிப் பயிற்சி வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, தங்குவதும் சாப்பிடுவதும் பழைய துரைமார் பங்களாக்களில் மட்டும் என்றில்லாமல், மலையக வீடுகளிலும் கடைகளிலும் நடக்கவேண்டும். இந்திய அரசின் உதவியால் இலங்கைத் தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். சொந்த வீடு கிடைத்த குடும்பம் ஒரு அறையை விருந்தாளிக்கு விட்டால் அதில் வரும் பணம் நேரே அடுப்படிக்குப் போகும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து, வீடுகளும் உயிர்களும் போயின. அந்த மலைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டியது இப்போது முன்னைவிட அவசியம்.

மூன்றாவதாக, பத்திரம். மலையில் ஏறும்போது நேரும் விபத்தைவிட இறங்கும்போது நேரும் விபத்துகளே அதிகம் பயப்படத்தக்கவை. மூடுபனியும் ஈரச்சாலையும் வளைவும் சேர்ந்தால் பிரேக் பிடிக்காது. விளக்கும் தலைக்கவசமும் இல்லாதவரை ஏற்றிச் செல்லக்கூடாது. யானை நடமாடும் பாதையில் அந்தி சாய்ந்தபின் மிதிக்கவும் கூடாது. இதில் வழிகாட்டி கண்டிப்பாக இருக்கவேண்டும்.

ரெயில்வேயும் தன் பங்கைச் செய்யலாம். சொந்தச் சைக்கிளோடு போக விரும்புகிறவர்கள் அதைப் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாக புக் செய்து, பிரேக் வேனில் அனுப்ப இன்றும் வழி இருக்கிறது. கேரளா எக்ஸ்பிரஸில் புதுடில்லியிலிருந்து கோவைக்கே நேராகப் போகலாம். பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையைக் கட்டி, பெடலைக் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பி, சணல் சாக்கு சுற்றி, வண்டி புறப்படுவதற்கு நல்ல நேரம் இருக்கும்போதே ஒப்படைக்க வேண்டும். இரண்டு நிமிடம் நிற்கும் சிறிய ஸ்டேஷனுக்கு புக் செய்தால் இறக்க நேரமின்றிச் சைக்கிள் அடுத்த ஊருக்குப் போய்விடும். இது பலருக்குத் தெரியாது. மூட்டைகளின் அடியில் நசுங்காதபடி பிரேக் வேனில் நாலு கொக்கிகள் மாட்டிச் சைக்கிளைத் தொங்கவிட வழி செய்தால் செலவு அதிகமாகாது, பயணிகள் வாழ்த்துவார்கள்.

கடைசியாக டில்லித் தமிழரின் நிறுவனங்களுக்கு ஒரு யோசனை. 1946-ல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர் இருபது பேரை ஆண்டுக்கொருமுறை நீலகிரிக்குச் சைக்கிள் பயணம் அழைத்துப் போகலாமே! குன்னூரில் மலை ரெயிலிலிருந்து இறங்கி, கோத்தகிரிப் பாதையில் மிதித்து, ஒரு டான்டீ குடியிருப்பில் தாயகம் திரும்பிய பெரியவர் ஒருவரோடு அரை நாள் உட்கார்ந்து பேசட்டும். பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தாள், எந்த ஆண்டு கப்பலேறினாள், எதை விட்டுவிட்டு வந்தாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தத் தலைமுறை வேகமாக மறைந்து வருகிறது. ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பிரதி ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். அதனால் புரட்டிப் போடப்பட்டவர்களின் வார்த்தைகளைக் காப்பாற்றி வைக்க யாரும் இல்லை.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை; ஒரு கோடை விடுமுறையும், இருபது சைக்கிளும், பொறுப்பான இரண்டு ஆசிரியர்களும் போதும். சங்கத்தினரும் பள்ளி நிர்வாகிகளும் இதைக் கவனத்தில் கொண்டு, வரும் விடுமுறைக்குள் ஒரு முடிவெடுப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம்.