தறிக்குழியில் கால் இறங்க வேண்டும்: பிள்ளையார்பாளையம் நெசவாளர் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

மக்கள் நல்வாழ்வுத் துறை, கைத்தறித் துறை, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் கவனத்துக்கு:

பைக்கில் அடிபட்டவர், ஈரத் தரையில் வழுக்கிய அம்மா, மாடிப்படியில் கால் தவறியவர் என்று எலும்பு முறிந்து பிளேட்டோ ராடோ வைத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருக்களில் பலர். அறுவை முடிந்து, எக்ஸ்ரேயைப் பார்த்து, "எலும்பு கூடிருச்சு, இனிமே வர வேணாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அது வெற்றி. அதற்குப் பிறகும் தறிப் பக்கம் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சாசனம்.

அறுவை மருத்துவத்தின் மீது எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. தொடை எலும்பு முறிந்தால் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். இன்று எலும்புக்குள் ராடு செலுத்திச் சில நாட்களில் எழுப்பி நிற்க வைக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம். இதெல்லாம் உயிரையும் எலும்பையும் காப்பாற்றியிருக்கிறது. பிழைப்பைக் காப்பாற்றும் வேலை மிச்சமிருக்கிறது.

எங்கள் வேலை உடம்பிடம் என்ன கேட்கிறது என்று எழுதிவிடுகிறோம், அறுவை செய்பவர்களில் பலர் குழித்தறியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால். தரைமட்டத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் இறக்க வேண்டும். மிதிகட்டையை ஒரு காலால் அழுத்தி மறுகாலைத் தளர்த்த வேண்டும். இது நாள் முழுக்க நடக்கும். ஜக்கார்டு மிதி இன்னும் கனம். ஒரு கை நாடாக் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும், மறு கை பலகையை இழுத்து ஊடையை நெருக்கும். நடுவில் இழை அறுந்தால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து முடி போல மெல்லிய பட்டு நூலை முடிச்சுப் போட வேண்டும். கணுக்காலில் பிளேட் வைத்து மூட்டு இறுகிப்போனவர் பாதத்தை மட்டும் அழுத்த முடியாது. இடுப்பிலிருந்து காலையே தூக்கித் தூக்கி மிதிப்பார். சாயங்காலத்துக்குள் முதுகு போய்விடும். அவருடைய எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இருக்காது.

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒருவர் கையில், ஒரு பக்கத்துக் கரை துணைக்கு உட்காரும் இன்னொருவர் கையில். பெரும்பாலும் புருஷனும் பெண்சாதியும்தான். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தால் கூலி இரண்டு பேருக்கும் நிற்கிறது. பாவு பாதியில் தறியில் கிடக்கிறது, வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்கிறது.

எங்கள் முதல் கோரிக்கைக்கு ஒரு பைசா செலவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு தமிழில் வேண்டும். எந்த எலும்பு, உள்ளே வைத்தது பிளேட்டா ராடா கம்பியா, யார் தயாரிப்பு என்பது அதில் இருக்க வேண்டும். பின்னால் எடுக்க நேர்ந்தால் அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் டாக்டரே திண்டாடக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து விரலை மடக்கலாம், எப்போது கால் ஊன்றலாம், எப்போது மிதிகட்டையை மிதிக்கலாம் என்பதும் வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்பதை ஒருவர் மறுநாளே கால் ஊன்றலாம் என்று புரிந்துகொள்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இரண்டும் காலைக் கெடுக்கும்.

அறுவைக்கு முன்பு, அறுவை இல்லாமல் முடியுமா என்பதையும் சொல்லுங்கள். தோள் அருகே கை எலும்பு முறிந்த 250 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த 'புரோஃபர்' ஆய்வு 2015இல் வெளியானது. அறுவை செய்துகொண்டவர்களும் தூளியில் கையைத் தொங்கவிட்டவர்களும் இரண்டு ஆண்டுகள் வரை ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மணிக்கட்டு முறிவில் விலை கூடிய பிளேட்டையும் சாதாரணக் கம்பியையும் ஒப்பிட்ட 'டிராஃப்ட்' ஆய்வு 2014இல் வந்தது. 461 பேரைப் பார்த்ததில், ஓராண்டு முடிவில் கையின் செயல்பாட்டில் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது, தொடை எலும்புக்கு நிச்சயம் பொருந்தாது. ஆனால் நகையை அடகு வைத்துத் தனியாரிடம் போகும் குடும்பத்துக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

அந்த ஆய்வுகளிலும் எங்களுக்கு ஒரு குறை இருக்கிறது. கை எவ்வளவு தேறியது என்று அளக்க 'டாஷ்' என்று 30 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உலகமெங்கும் புழங்குகிறது. கோல்ஃப், டென்னிஸ் போல் கைக்கு அதிர்ச்சி தரும் பொழுதுபோக்குகள் அதில் வருகின்றன. தோளுக்கான ஆக்ஸ்ஃபோர்டு கேள்வித்தாள், கத்தியையும் முள்கரண்டியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடிகிறதா என்று கேட்கிறது. பிள்ளையார்பாளையத்தில் கையால்தான் சாப்பிடுகிறோம். 'டாஷ்' தாளில் தொழில் பற்றிய கேள்விகள் விருப்பப்பட்டால் சேர்க்கும் தனிப் பகுதி. எங்களுக்கு அதுதான் முதல் பகுதியாக இருக்க வேண்டும்.

ஆகவே தறிக்கென்று ஒரு கேள்வித்தாள் கேட்கிறோம். குழியில் இறங்கி ஏற முடிகிறதா? ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க முடிகிறதா? நாடா வீச முடிகிறதா? அறுந்த இழையை முடிய முடிகிறதா? சம்மணம் போட, குந்தி உட்கார முடிகிறதா? அறுவை முடிந்த ஆறாவது மாதத்திலும் ஓராண்டிலும் இதைக் கேட்டு, அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் தறிக்குத் திரும்பினார்கள் என்பதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நடக்காத காரியம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1999இல் டாக்டர் லூயிஸ் சர்கிள் தொடங்கிய 'சைன்' அமைப்பு, ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ராடுகளை இலவசமாகத் தருகிறது. அறுவை விவரத்தைப் பதிவு செய்தால்தான் அடுத்த ராடு வரும். கால் தேறியதற்கு அவர்கள் கேட்கும் சாட்சி, நோயாளி குந்தி உட்கார்ந்து சிரிக்கும் ஒரு போட்டோ. எங்களுக்கு அது தறியில் உட்கார்ந்த போட்டோவாக இருக்கட்டும்.

பிசியோதெரபி. முறிந்த காலோடு தினமும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க நோயாளிக்கு ஒரு துணை வேண்டும். துணைக்குப் போகிறவரின் தறியும் அன்று ஓடாது. மூன்று நாள் போவார்கள், நாலாம் நாள் நிறுத்திவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. எலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் விவரமும் அன்றே அந்தக் குழுவுக்குப் போக வேண்டும். அத்தோடு வாரத்தில் இரண்டு மாலை பிள்ளையார்பாளையத்திலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார வேண்டும், தறி நிற்கும் நேரத்தில்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதற்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறார்கள், தர வேண்டியதுதான். எலும்பு முறிந்த நெசவாளருக்குத் தடைக்காலத்தை உடம்பே விதிக்கிறது. கால் எலும்பு கூட நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும். நெசவாளர் நல வாரியத்தில் விபத்தால் ஊனமானால் உதவி உண்டு. ஊனமாகாமல் தேறப் போகிறவர் அந்த மாதங்களை எதை வைத்து ஓட்டுவது? மருத்துவர் சொல்லும் ஓய்வுக் காலத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை வேண்டும். கோர்வைத் தறியானால் துணை நெசவாளருக்கும் சேர்த்துத் தர வேண்டும். முன்பணக் கடனுக்கு அதுவரை தவணை கேட்கக் கூடாது. இது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாஸ்டர் வீவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது.

முழுதாகத் தேறாதவர்களும் இருப்பார்கள். சட்டப்படி 40 சதவீத ஊனம் இருந்தால்தான் சலுகைகளில் பெரும்பாலானவை கிடைக்கும். இறுகிய கணுக்கால் அந்த எண்ணைத் தொடாது, ஆனால் மிதிகட்டையையும் தொடாது. மோட்டாரில் தூக்கும் ஜக்கார்டு, குழியில்லாத உயரத் தறி ஆகியவற்றை இவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து வழங்க வேண்டும். தறி உபகரணங்களுக்கு ஒன்றிய அரசு 90 சதவீதம் வரை தரும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, பட்டியலில் இவர்கள் பெயரை மேலே போடுவதுதான் பாக்கி.

புத்தூர் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு முறிந்தால் எங்களில் பலர் முதலில் போவது அந்த நாட்டுக் கட்டுப் போடுகிறவரிடம்தான். மூங்கில் பத்தைக்கும் பச்சிலைக்கும் செலவு குறைவு, கத்தி படாது, அன்றே வீடு திரும்பலாம். ரத்தக் காயத்தோடு முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடக் கூடாது, கட்டு இறுகி விரல் கறுத்தால் உடனே அவிழ்க்க வேண்டும் என்பதை எங்கள் தெருக்களில் நாங்களே சொல்லிவருகிறோம். ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது, கட்டுப் போட்டுவிட்டுத் தாமதமாக வருகிறவரைத் திட்டி அனுப்பாதீர்கள் என்பதே. திட்டு வாங்கியவர் திரும்பி வரமாட்டார்.

கை கால் முறிந்து அறுவை செய்துகொண்ட நெசவாளர்கள், துணைக்கு உட்காருகிறவர்கள், பாவு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் டிஸ்சார்ஜ் சீட்டு நகலோடு வந்து இதில் கையெழுத்திட வேண்டுகிறோம். பேனா பிடிக்க இன்னும் விரல் மடங்காதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.